ஊசி போடும் கைக்கு ஊசி போட்டாயிற்றா?

(நர்சிங் பயிலும் மாணவியருக்குக் கல்வி உதவி வழங்கும் நிகழ்ச்சியில் நமது அறக்கட்டளையின் செயலாளர் ஆற்றிய உரை. வர இயலாதவர்களுக்காக இங்கே வெளியிடப்படுகிறது.)





நான் சிறுவனாக இருந்தபோது நம் தெருக்களில் நர்ஸ் வேலை என்றால் வாப்பாமார் முகம் சுளிப்பார்கள். இரவுப் பணி, அன்னிய ஆண்களைத் தொட வேண்டும், கல்யாணம் தட்டிப்போகும் என்று ஆயிரம் காரணம் சொல்வார்கள். நாயகம் (ஸல்) அவர்களின் காலத்திலேயே ருஃபைதா அல்அஸ்லமிய்யா (ரலி) அவர்கள் மதீனாவில் பள்ளிவாசலை ஒட்டிக் கூடாரம் அமைத்து, போரில் காயம்பட்டவர்களுக்கு மருந்திட்டார்கள். அந்த வரலாற்றை மதரஸாவில் ஓதிய நாங்களே வீட்டுக்கு வந்ததும் மறந்துவிட்டோம். இன்று ஒவ்வொரு ஆண்டும் நம் பிள்ளைகளின் விண்ணப்பங்கள் கூடிக்கொண்டே போகின்றன. அல்ஹம்துலில்லாஹ்.

இன்று வாழ்த்துச் சொல்லிக் காசோலை கொடுத்து அனுப்புவதோடு நிறுத்திக்கொள்ள மனமில்லை. ஒரு விஷயத்தைப் பேசியே ஆக வேண்டும். அதில் என் பங்குத் தவறும் இருக்கிறது.

சென்ற வருடம் நாம் உதவி செய்யும் ஒரு பிள்ளைக்கு வார்டு பயிற்சியின்போது கையில் ஊசி குத்திவிட்டது. ஒரு நோயாளிக்கு ஊசி போட்டு முடித்து, மூடியைத் திரும்பப் போடும்போது நடந்தது. அந்த நோயாளிக்கு ஹெபடைடிஸ் பி இருந்தது. இரத்தத்தின் வழியாகப் பரவி ஈரலைத் தாக்கும் கிருமி அது. நம் பிள்ளை அதற்கான தடுப்பூசியில் ஒன்று மட்டும்தான் போட்டிருந்தது. உடனே இம்யூனோகுளோபுலின் என்ற ஊசி போட வேண்டும் என்றார்கள். அதன் விலையைக் கேட்டு அந்த வாப்பா இரவோடு இரவாகக் கடன் வாங்கினார். அதன்பிறகு பல மாதம், ஒவ்வொரு இரத்தப் பரிசோதனை முடிவு வரும்வரை அந்த வீட்டில் யாரும் நிம்மதியாகச் சாப்பிடவில்லை. அல்லாஹ்வின் கருணையால் பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை.

நான் அந்தப் பிள்ளையிடம் கேட்டேன்: "ஏம்மா, மீதி இரண்டு ஊசியையும் போடாம விட்டே?" அது தலையைக் குனிந்துகொண்டு சொன்னது: "பரீட்சை வந்திடுச்சு மாமா. அப்புறம் லீவுக்கு வீட்டுக்கு வந்துட்டேன். யாரும் கேக்கலை. நானும் மறந்துட்டேன்."

"யாரும் கேக்கலை" என்ற அந்தச் சொல் என்னைத் தூங்கவிடவில்லை. நம் அறக்கட்டளையின் விண்ணப்பப் படிவத்தை எடுத்துப் பார்த்தேன். மதிப்பெண் பட்டியல் கேட்கிறோம். வருமானச் சான்று கேட்கிறோம். ஜமாஅத் கடிதம் கேட்கிறோம். கல்லூரிக் கட்டணம் கொடுக்கிறோம், சீருடைக்குக் கொடுக்கிறோம், புத்தகத்துக்குக் கொடுக்கிறோம். ஆனால் தடுப்பூசி அட்டை இருக்கிறதா என்று இத்தனை வருடத்தில் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

பிறகு உங்களில் பலரை நேரில் கண்டும் தொலைபேசியிலும் விசாரித்தேன். 0, 1, 6 மாதம் என்று மூன்று ஊசிக் கணக்கு உங்கள் எல்லோருக்கும் மனப்பாடம். பரீட்சையில் கேட்டால் முழு மதிப்பெண் வாங்குவீர்கள். ஆனால் எத்தனை ஊசி போட்டாய் என்று கேட்டால்தான் பதில் தடுமாறுகிறது. ஆக, இது அறியாமை அல்ல. வேறு என்ன என்று யோசித்தேன்.

தடுப்பூசியில் மக்கள் ஏன் தயங்குகிறார்கள் என்று ஆராய உலக சுகாதார நிறுவனம் ஒரு நிபுணர் குழுவை அமைத்தது. அந்தக் குழு 2014-இல் மூன்று காரணங்களைச் சொன்னது. நமக்கு எங்கே வரப்போகிறது என்ற மெத்தனம் ஒன்று. கைக்கு எட்டாமை இன்னொன்று. காசு, தூரம், நேரம் எல்லாம் அதில் அடக்கம். மூன்றாவது, ஊசியின் மீதும் அதைத் தருபவர் மீதும் நம்பிக்கை இல்லாமை. நீங்கள் என்னிடம் சொன்ன பதில்கள் எல்லாம் இந்த மூன்றுக்குள் அடங்கிவிட்டன. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் மெத்தனம். "நான் கவனமாத்தான் இருப்பேன் மாமா" என்றது ஒரு பிள்ளை. ஊசி குத்திய பிள்ளையும் கவனமான பிள்ளைதான். தடுப்பூசி போடாத ஒருவருக்கு, ஹெபடைடிஸ் பி உள்ளவரின் இரத்தம் பட்ட ஊசி குத்தினால், நோய் தொற்றும் வாய்ப்பு நூற்றுக்கு 6 முதல் 30 வரை. நாம் எல்லோரும் நடுங்கும் எச்.ஐ.வி.க்கு அந்தக் கணக்கு ஆயிரத்துக்கு 3 தான். பி கிருமி உடம்புக்கு வெளியே, காய்ந்த இரத்தத்தில்கூட, ஏழு நாள் வரை உயிரோடு இருக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2022-இல் இந்தியாவில் ஏறத்தாழ மூன்று கோடிப் பேர் இந்தக் கிருமியோடு வாழ்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோருக்குத் தங்களுக்கு அது இருப்பதே தெரியாது. கண் மஞ்சளாகாது, பசி குறையாது. வார்டில் உங்கள் முன்னே படுத்திருப்பவரின் நெற்றியில் எழுதியிருக்காது.

பெற்றோர்களுக்கு இன்னொன்றையும் சொல்கிறேன். பிள்ளை படித்து முடித்து சவூதிக்கோ துபாய்க்கோ போக வேண்டும் என்று எத்தனை பேர் கனவு காண்கிறீர்கள்? வளைகுடா விசாவுக்கு முன் நடக்கும் மருத்துவப் பரிசோதனையில் ஹெபடைடிஸ் பி பார்க்கிறார்கள். இருந்தால் தகுதி இல்லை என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். நான்கு வருடப் படிப்பின் பலன் ஒரு ஊசி முனையில் போய்விடும்.

இரண்டாவது, கைக்கு எட்டாமை. ஒரு காலத்தில் இந்த ஊசி வெளிநாட்டிலிருந்துதான் வந்தது. ஏழை வீட்டுக்கு எட்டாத விலை. 1997-இல் ஹைதராபாத்தின் சாந்தா பயோடெக்னிக்ஸ் நிறுவனம் இதை இந்தியாவிலேயே தயாரித்தது, விலை இறங்கியது. இங்கே வங்கிகள் கைவிரித்தபோது அந்த நிறுவனத்தில் முதலீடு செய்தவர் ஓமான் நாட்டின் வெளியுறவுப் பொறுப்பு அமைச்சராக இருந்த யூசுஃப் பின் அலவி. தடுப்பூசி என்றாலே அன்னியர் சதி என்று பேசும் நம் சகோதரர்கள் இதையும் தெரிந்துகொள்ள வேண்டும். 2011-இல் நாடு முழுவதும் குழந்தைகளுக்கான அரசுத் தடுப்பூசி அட்டவணையில் இது சேர்ந்தது. உங்களில் பலர் அதற்கு முன்னே பிறந்தவர்கள். ஆகவே "சின்ன வயசுல எல்லாம் போட்டாச்சு" என்று உம்மா சொன்னாலும், அட்டையைப் பார்க்காமல் நம்பாதீர்கள். மத்திய அரசு 2018 ஜூலை 28-இல் தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் சுகாதாரப் பணியாளர்களுக்கு இந்த ஊசி போடுவதும் ஒரு பகுதி.

ஆக, காசு இப்போது பெரிய தடை இல்லை. உண்மையான தடை ஆறு மாத இடைவெளி. முதல் ஊசி போடும்போது வகுப்பே வரிசையில் நிற்கிறது. மூன்றாவது ஊசி வரும்போது ஒருவர் விடுமுறையில் இருக்கிறார், ஒருவருக்குப் பரீட்சை, ஒருவருக்கு நிக்காஹ். இடையில் விட்டவர்கள் இனி முதலிலிருந்து தொடங்க வேண்டுமே என்று பயந்து அப்படியே விட்டுவிடுகிறார்கள். அப்படி இல்லை. நாள் தள்ளிப்போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தால் போதும். இந்த ஒரு செய்தியை மட்டும் இன்று எடுத்துக்கொண்டு போனாலும் எனக்குத் திருப்தி.

மூன்றாவது, நம்பிக்கை. இதில் நான் முதலில் என்னைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி முகாம் நடந்தது நினைவிருக்கும். ஒன்பது மாதக் குழந்தையிலிருந்து பதினைந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் வரை பள்ளிக்கூடங்களில் போட்டார்கள். அப்போது வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு சுற்றியது. இந்த ஊசி போட்டால் நம் பெண் பிள்ளைகளுக்கு நாளை குழந்தை பிறக்காது என்று சொன்னது. பிப்ரவரியில் முடிய வேண்டிய முகாமை மார்ச்சுக்கும் நீட்டிக்க வேண்டி வந்தது. அந்தப் பதிவை நானும் இரண்டு பேருக்கு அனுப்பினேன். "உண்மையான்னு தெரியலை, எச்சரிக்கைக்காக அனுப்புறேன்" என்று ஒரு வரியும் சேர்த்தேன். கேட்டதையெல்லாம் விசாரிக்காமல் பரப்புவது எவ்வளவு பெரிய பாவம் என்று மதரஸாவில் ஓதிய ஆள் நான். அல்லாஹ் மன்னிக்கட்டும்.

பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். ரூபெல்லா என்பது கர்ப்பிணிக்கு வந்தால் வயிற்றுப் பிள்ளையின் கண்ணையும் காதையும் இதயத்தையும் கெடுக்கும் நோய். கருவைக் காப்பதற்கான ஊசியைத்தான் கருவை அழிக்கும் ஊசி என்று நாம் பரப்பினோம்.

இதே வதந்திதான் உத்தரப் பிரதேசத்தில் போலியோ சொட்டு மருந்துக்கும் எழுந்தது. நம் சமுதாயத்தார் பலர் கதவைச் சாத்தினார்கள். முடங்கியதும் நம் பிள்ளைகளின் கால்கள்தான். அங்கே நிலைமை மாறியது எப்படி? அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகமும் ஜாமிஆ மில்லியா இஸ்லாமியாவும் களத்தில் இறங்கின. உலமாக்கள் பேசினார்கள், பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் சொட்டு மருந்து நாள் அறிவிக்கப்பட்டது. 2011 ஜனவரி 13-இல் ஹவுராவில் கண்டதுதான் நாட்டின் கடைசிப் போலியோ நோயாளி. 2014 மார்ச் 27-இல் போலியோ ஒழிந்தது என்று சான்றிதழ் வந்தது. மருந்து மாறவில்லை, சொன்ன ஆள் மாறினார்.

கொரோனா நேரத்தில் என்ன நடந்தது? 2021 ஜனவரி 16-இல் ஊசி தொடங்கியபோது சுகாதாரப் பணியாளர்களுக்கும் மருத்துவ, நர்சிங் மாணவர்களுக்கும்தான் முன்னுரிமை. தமிழ்நாட்டில் முதல் நாட்களில் பலர் முன்வரவில்லை. பக்கத்தில் இருப்பவர் போடட்டும், பார்த்துக்கொள்வோம் என்று நின்றார்கள். ஏப்ரலில் நம் கோவில்பட்டியில் பிறந்த நடிகர் விவேக் 15-ஆம் தேதி ஊசி போட்டுக்கொண்டார். 17-ஆம் தேதி மாரடைப்பால் காலமானார். மரம் நடச் சொன்ன நல்ல மனிதர். ஊரே கலங்கியது, ஊசிக்குப் பயந்தது. அவர் மரணத்துக்கும் ஊசிக்கும் தொடர்பில்லை என்று மத்திய அரசின் ஆய்வுக் குழு அறிவித்தபோது அக்டோபர் வந்துவிட்டது. இடையில் மே மாதம் வந்து போனது. அந்த மாதம் நாம் எத்தனை ஜனாஸா பார்த்தோம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

பயப்படுவது குற்றமில்லை. கேள்வி கேட்பதும் குற்றமில்லை. ஆனால் கேட்க வேண்டிய ஆளிடம் கேட்க வேண்டும். வார்டில் ஒரு மூத்த நர்ஸ் "நான்கூடத்தான் போடலை, எனக்கு என்ன ஆச்சு?" என்று சொன்னால், வகுப்பில் படித்த பாடம் முழுவதும் கரைந்துவிடுகிறது என்று உங்களில் ஒருவர் சொன்னீர்கள். அது உண்மை. அதற்காகத்தான் அடுத்து வரும் தங்கச்சிகளுக்கு நீங்கள் நல்ல மூத்தவர்களாக இருக்க வேண்டும் என்கிறேன்.

இனி வீட்டில் எழும் இரண்டு கேள்விகள்.

ஒன்று, ஹலாலா? ஹெபடைடிஸ் பி ஊசியில் மனித இரத்தமும் இல்லை, உயிருள்ள கிருமியும் இல்லை. கிருமியின் மேலுறையில் உள்ள ஒரு புரதத்தை ஈஸ்ட்டில் வளர்த்து எடுக்கிறார்கள். ரொட்டி மாவைப் புளிக்க வைக்கிறோமே, அந்த ஈஸ்ட் வகைதான். வேறு சில தடுப்பூசிகளில் ஜெலட்டின் சேர்க்கிறார்கள் என்பது உண்மை. அதைப் பற்றி 1995-இல் குவைத்தில் மார்க்க அறிஞர்களும் மருத்துவர்களும் கூடிப் பேசினார்கள். ஒரு பொருள் தன் தன்மையே மாறி வேறு பொருளாகிவிட்டால் அதன் சட்டமும் மாறும் என்ற 'இஸ்திஹாலா' விதியின்படி அது கூடும் என்றார்கள். ஐக்கிய அரபு அமீரகத்தின் ஃபத்வா கவுன்சிலும் 2020 டிசம்பரில் கொரோனா ஊசியைப் பற்றி, அதில் ஜெலட்டின் இருந்தாலும் போடலாம் என்றே சொன்னது.

நான் ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். ஹஜ்ஜுக்குப் போகும்போது மூளைக்காய்ச்சல் ஊசி போடாமல் யாரையும் விடுவதில்லை. அந்த வரிசையில் நிற்கும்போது நம்மில் யாராவது இதில் என்ன கலந்திருக்கிறது என்று கேட்டோமா? கப்பல் வேலைக்கு ஆப்பிரிக்கா போகும் நம் பையன்கள் மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்டு அட்டை வாங்குகிறார்களே, கேட்டோமா? நம் பாட்டனார் காலத்தில் இலங்கைக்குக் கூலி வேலைக்குப் போனவர்களை மண்டபம் முகாமிலும் தட்டப்பாறை முகாமிலும் நிறுத்தி வைத்து, அம்மை குத்திய பிறகுதான் கப்பலேற்றினார்கள். பிழைப்புக்கு என்றால் கை நீட்டுகிறோம். பெண் பிள்ளையின் உயிருக்கு என்றால் மட்டும் ஃபத்வா தேடுகிறோம்.

இரண்டாவது கேள்வி, தவக்குல் இருந்தால் போதாதா? உமர் (ரலி) அவர்கள் ஷாம் தேசத்துக்குப் புறப்பட்டு, 'சர்ஃக்' என்ற இடத்தை அடைந்தபோது, அங்கே கொள்ளைநோய் பரவியிருக்கும் செய்தி வந்தது. ஆலோசனை செய்து திரும்ப முடிவெடுத்தார்கள். அல்லாஹ்வின் விதியிலிருந்து ஓடுகிறீர்களா என்று அபூஉபைதா (ரலி) கேட்டார்கள். ஒரு விதியை விட்டு இன்னொரு விதியின் பக்கம்தான் போகிறோம் என்ற கருத்தில் உமர் (ரலி) பதில் சொன்னார்கள். பசுமையான கரையும் வறண்ட கரையும் இருந்தால், ஒட்டகத்தை எதில் மேய்த்தாலும் அது அவன் விதிப்படிதான் என்று உதாரணமும் காட்டினார்கள். நோயும் அவன் விதி. அதற்குத் தடுப்பு கிடைத்ததும் அவன் விதி. தடுப்பை ஏற்றுக்கொள்வது தவக்குலுக்கு எதிரானதல்ல.

பிள்ளைகளே, நம் கடற்கரையில் முத்துக் குளித்த காலத்தில், கல்லைக் கட்டி இறங்குபவனுக்கு மேலே தோணியில் ஒருவன் கயிற்றைப் பிடித்தபடி இருப்பான். கயிறு அசைந்தால் தூக்கிவிடுவான். எவ்வளவு கெட்டிக்காரக் குளியாளும் அந்த ஆள் இல்லாமல் இறங்கியதில்லை. உங்களை வார்டுக்குள் இறக்கிவிட்டு நாங்கள் கயிற்றை விட்டுவிட்டோம். அதைச் சரிசெய்ய, நிர்வாகக் குழுவில் பேசி மூன்று முடிவுகள் எடுத்திருக்கிறோம்.

ஒன்று: இந்த ஆண்டு முதல் விண்ணப்பத்தோடு தடுப்பூசி அட்டையின் நகலும் வேண்டும். அட்டை இல்லை என்பதற்காக யாருடைய உதவியும் நிறுத்தப்படாது. இல்லாதவர்களுக்குப் போட ஏற்பாடு செய்வதற்காகத்தான் கேட்கிறோம்.

இரண்டு: எங்கே இலவசமாகப் போட முடியுமோ அங்கே அழைத்துப் போவோம். முடியாத இடத்தில் மூன்று ஊசியின் செலவும், அதன்பின் ஒன்றிரண்டு மாதத்தில் எதிர்ப்புச் சக்தி வந்ததா என்று பார்க்கும் இரத்தப் பரிசோதனைச் செலவும் அறக்கட்டளையுடையது. அந்தப் பரிசோதனையில் அளவு 10-க்குக் குறையாமல் இருக்க வேண்டும். குறைந்தால் பயம் வேண்டாம். மறுபடி ஒரு சுற்று போடச் சொல்வார்கள்.

மூன்று: இரண்டாவது ஊசிக்கும் மூன்றாவது ஊசிக்கும் உரிய நாளில், மகளிர் குழுச் சகோதரி ஒருவர் உங்களுக்கும் உங்கள் உம்மாவுக்கும் தொலைபேசியில் நினைவூட்டுவார். இனி "யாரும் கேக்கலை" என்று ஒரு பிள்ளையும் சொல்லக் கூடாது.

நீங்கள் செய்ய வேண்டியதும் இருக்கிறது. பயன்படுத்திய ஊசிக்கு மூடியைத் திரும்பப் போடாதீர்கள். அப்படியே ஊசிப் பெட்டியில் போடுங்கள். குத்திவிட்டால் இரத்தத்தைப் பிதுக்காதீர்கள், வாயில் வைக்காதீர்கள். சோப்பும் தண்ணீரும் விட்டுக் கழுவுங்கள். திட்டுவார்களே என்று மறைக்காமல் அந்த நிமிடமே பொறுப்பாளரிடம் சொல்லுங்கள். சிகிச்சை எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது, மணிக்கணக்கு முக்கியம். ரூபெல்லா உள்ள ஊசியைப் போட்டுக்கொள்கிறவர்கள் கர்ப்பமாக இருக்கக் கூடாது, போட்டபின் ஒரு மாதம் கர்ப்பத்தைத் தள்ளிப்போட வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

கடைசியாக ஒன்று. நாளை நம் தெருவில் ஒரு குழந்தைக்குக் காய்ச்சல் என்றாலும், ஊசி போடலாமா வேண்டாமா என்று சந்தேகம் வந்தாலும், டாக்டரைத் தேடுவதற்கு முன் உங்கள் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். "நீ போட்டியாம்மா?" என்று முதலில் கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு நீங்கள் சொல்லும் பதில், நான் மிம்பரின் பக்கத்தில் நின்று ஒரு மணி நேரம் பேசுவதைவிட அதிகம் வேலை செய்யும். "போட்டுட்டேன் மாமி, மூணும் போட்டுட்டேன்" என்று சொல்லும்படி இருங்கள். நோயாளியின் உடம்பு உங்கள் கையில் ஓர் அமானத். உங்கள் உடம்பும் அல்லாஹ் உங்களிடம் தந்த அமானத்தான்.

வாசலில் சகோதரி ஒருவர் பதிவேட்டுடன் உட்கார்ந்திருக்கிறார். காசோலை வாங்கிய கையோடு, எத்தனை ஊசி போட்டீர்கள் என்று மறைக்காமல் எழுதிவிட்டுப் போங்கள். ஒன்றும் போடவில்லை என்றாலும் அப்படியே எழுதுங்கள்; யாரும் கோபிக்க மாட்டோம்.

அல்லாஹ் உங்கள் கைகளில் ஷிஃபாவைத் தருவானாக, உங்களையும் நோயிலிருந்து காப்பானாக. ஆமீன். வஸ்ஸலாமு அலைக்கும்.